மருவும் புற்றும்: மலையகத் தோட்டங்களை முன்னிறுத்திய ஒரு நோக்கு

உடலை வருத்துவதற்கு முன்னரே உள்ளத்தை வருத்திவிடும் நோய்கள் சில உள. பிறப்புறுப்பைச் சூழ்ந்து தோன்றும் மருக்கள் அத்தகையன. அவை பெரும்பாலும் நோவு தருவதில்லை. சிலவேளை அரிப்பும், நடக்கும்போது உராய்வும் மட்டுமே உண்டு. எனினும் அவற்றைத் தன் உடலிற் கண்ட பெண்ணின் மனத்தில் இரண்டு அச்சங்கள் ஒருங்கே எழுகின்றன. ஒன்று, இது மானக்கேடான நோய் என்பது. மற்றது, இது புற்றுநோயின் தொடக்கம் என்பது. ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் நடைபெறும் மருத்துவ முகாம்களில் இவ்விரண்டாவது அச்சம் ஒரு வினாவாக வெளிப்படுவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அது கூட்டத்தின் நடுவே கேட்கப்படும் வினாவன்று. ஏனையோர் லயங்களுக்குத் திரும்பிய பின்னர், மருந்துப் பெட்டிகளைக் கட்டும் வேளையில், தாழ்ந்த குரலிற் கேட்கப்படுவது.

அவ்வினாவுக்கு 'ஆம்' என்று விடையிறுப்பது தவறு. 'இல்லை' என்று கூறி அனுப்பிவிடுவதும் ஒருவகையில் தவறே. மருவுக்கும் புற்றுக்கும் உறவுண்டு. ஆயினும் அது ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கும் தாய்-மகள் உறவன்று. ஒரே குடும்பத்தின் இரு கிளைகளுக்கிடையே நிலவும் பங்காளி உறவு எனலாம். அவ்வுறவின் இயல்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் 'மரு' என்னுஞ் சொல் தோலில் எழும் சிறு தடிப்புகள் பலவற்றுக்கும் பொதுவாக வழங்குகிறது. 'பாலுண்ணி' என்பதும் அவ்வாறே. மறுபுறம், பிறப்புறுப்பைச் சார்ந்த நோய்கள் யாவற்றையும் 'மேகநோய்' என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்குவது பழைய வழக்கு. கழுத்திலே தொங்கும் தீங்கற்ற மருவும், கிரந்திப் புண்ணும், ஈண்டு நாம் ஆராயும் மருவும் மக்கள் மனத்திற் குழம்பிக் கிடப்பதற்கு இப்பொதுச் சொற்களும் ஒரு காரணமாகும். இக்கட்டுரையில் மரு என்பது உடலுறவின்போது தோலொடு தோல் உரசுவதால் தொற்றி, சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்துச் சேவலின் கொண்டைபோலச் சிறிதாகவோ கொத்தாகவோ எழும் வளர்ச்சியை மட்டுமே குறிக்கும். இதனைத் தோற்றுவிப்பது மனிதப் பாப்பிலோமா வைரசு. இவ்வைரசுக் குடும்பத்தில் 200க்கு மேற்பட்ட வகைகள் இனங்காணப்பட்டு எண்களாற் பெயரிடப்பட்டுள்ளன.

மருவையும் புற்றையும் தொடர்புபடுத்திய ஆராய்ச்சியின் வரலாறு சுவையானது. 1842ஆம் ஆண்டில் இத்தாலியின் வெரோனா நகரைச் சேர்ந்த மருத்துவர் ரிகோனி-ஸ்ரேர்ன், அந்நகரின் இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்து, கருப்பைப் புற்று மணமான பெண்களிடையே மிகுந்தும் கன்னியாஸ்திரிகளிடையே அருகியும் காணப்படுவதைச் சுட்டினார். உடலுறவுக்கும் இந்நோய்க்கும் ஏதோ தொடர்புண்டென்பது அன்றே புலப்பட்டது. அது யாதென்பது மட்டும் புலப்படவில்லை. மருவை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றச் செய்வது, பற்றீரியாவை வடிக்கும் வடிகட்டியையும் கடந்து செல்லும் நுண்பொருளே என்பதை 1907இல் சியூபோ காட்டினார். 1933இல் ரிச்சட் ஷோப், காட்டு முயல்களின் தோலில் மருவை உண்டாக்கும் வைரசொன்றைக் கண்டறிந்தார். அம்மருக்களுட் சில பின்னர்ப் புற்றாக மாறுவதும் அறியப்பட்டது. முயலுக்கு நேர்வது மனிதருக்கும் நேருமோ என்னும் ஐயம் இவ்வாறே பிறந்தது.

1970களில் அறிஞர் பலரும் கருப்பைக் கழுத்துப் புற்றுக்கு அக்கி வகையைச் சேர்ந்த வைரசொன்றே காரணமெனக் கருதினர். ஜேர்மனியரான ஹரால்ட் சூர் ஹவுசன் மட்டும் அதற்கு உடன்படவில்லை. பிறப்புறுப்பு மருக்கள் மிக அரிதாகப் புற்றாக மாறியமை பற்றிய பழைய மருத்துவக் குறிப்புகள் அவர் கவனத்தை ஈர்த்தன. மருவின் வைரசே புற்றின் வைரசாகவும் இருக்கலாமென எண்ணி அவர் தேடலானார். 1980இல் அவர்தம் குழுவினர் மருக்களிலிருந்து 6ஆம் வகை வைரசைப் பிரித்தெடுத்தனர். அதனைக் கொண்டு கருப்பைக் கழுத்துப் புற்றுக் கட்டிகளைத் துருவியபோது அங்கே அது காணப்படவில்லை. ஏமாற்றந்தான். ஆயினும் அதன் நெருங்கிய உறவான 11ஆம் வகையைக் கொண்டு தேடியபோது சில கட்டிகளில் மங்கலான அடையாளங்கள் தென்பட்டன. அவ்வடையாளத்தைப் பின்தொடர்ந்தே 1983இல் 16ஆம் வகையும், அடுத்த ஆண்டில் 18ஆம் வகையும் புற்றுக்கட்டிகளிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டன. 2008இல் சூர் ஹவுசனுக்கு மருத்துவத்துக்கான நோபெல் பரிசில் ஒரு பங்கு வழங்கப்பட்டது. மரு வழிகாட்டியது, வழியின் முடிவில் நின்றதோ மருவின் வைரசன்று, அதன் பங்காளி. இக்கட்டுரையில் வேறெதனை மறப்பினும் வாசகர் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

இன்று அறியப்பட்ட அளவில், பிறப்புறுப்பு மருக்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 90 வீதமானவற்றுக்கு 6ஆம், 11ஆம் வகைகளே காரணம். கருப்பைக் கழுத்துப் புற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 வீதத்துக்கு 16ஆம், 18ஆம் வகைகள் காரணம். எஞ்சியவற்றுக்கு வேறு சில வகைகள். இவ்வேறுபாடு எதனால் ஏற்படுகிறது? நம் உடலின் ஒவ்வொரு கலத்துள்ளும் அது அளவின்றிப் பெருகாவண்ணம் தடுக்கும் காவற் புரதங்கள் உள்ளன. 16, 18 போன்ற வகைகள் ஆக்கும் இரண்டு புரதங்கள் இக்காவலருள் முதன்மையான இருவரைப் பற்றி, ஒருவரைச் சிதைத்தும் மற்றவரைச் செயலிழக்கச் செய்தும் விடுகின்றன. காவலற்ற கலம் பிழைபட்ட தன் டீ.என்.ஏ.யோடு மீண்டும் மீண்டும் பிரிகிறது. 6ஆம், 11ஆம் வகைகளின் அதே புரதங்களுக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு. ஆகவே அவை கலங்களைப் பெருக்கி மருவாக மேலெழச் செய்வதோடு நின்றுவிடுகின்றன. மிகப் பெருத்துப் பல்லாண்டுகள் கவனியாது விடப்பட்ட மரு புற்றாக மாறுவதுண்டு. அது மிக அரிது.

இங்ஙனமாயின் மருவுடையோர் புற்றைப் பற்றிக் கவலையுற வேண்டியதில்லையா? டென்மார்க்கில் 1978 முதல் 2008 வரை மருவுக்காக மருத்துவமனையை நாடிய ஏறக்குறைய 50,000 பேரைத் தொடர்ந்து நோக்கி, 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று இவ்வினாவுக்கு விடை தருகிறது. அவர்களிடையே குதப் புற்று, பெண்குறியின் வெளிப்புறப் புற்று, ஆண்குறிப் புற்று ஆகியன ஏனையோரிலும் பன்மடங்கு மிகுந்திருந்தன. கருப்பைக் கழுத்துப் புற்றோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கே மிகுந்திருந்தது. முன்னர்க் கூறப்பட்ட புற்றுகள் எங்கும் அரிதாகவே காணப்படுவன ஆதலால், பன்மடங்கு என்றபோதும் அவை ஆயிரத்தில் மிகச் சிலரையே தாக்கும் என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. இம்மிகுதிக்குக் காரணம் மரு புற்றாக மாறியதென்று கொள்ளுதல் பொருந்தாது. 6ஆம் வகை வந்த வழியே 16ஆம் வகையும் வரக்கூடும். ஒரே உடலில் இரண்டும் தங்குதல் இயல்பு. புகைபிடித்தலும் நோயெதிர்ப்பாற்றலின் குறைவும் இரண்டனையும் நிலைக்கச் செய்வன. சுருங்கக் கூறின், மரு ஒரு தடயம். அவ்வழியே வேறொருவரும் வந்திருக்கலாம் என்பதைத் தெரிவிப்பது.

இதற்கு மறுதலையான உண்மையே தோட்டங்களைப் பொறுத்தவரை பெரிதும் முதன்மையானதென நாம் கருதுகிறோம். 16ஆம், 18ஆம் வகைகள் மருவை எழுப்புவதில்லை. அவை தொற்றியமைக்கு அரிப்பில்லை, நோவில்லை, கண்ணாற் காணத்தக்க அடையாளம் யாதுமில்லை. மரு கண்ட பெண் அஞ்சுகிறாள். மரு இல்லாதவள் தனக்கு ஒன்றுமில்லையென அமைதியுறுகிறாள். ஆனால் கருப்பைக் கழுத்துப் புற்றுக்கு ஆளாகும் பெண்களுட் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருபோதும் மருவைக் கண்டிராதவர்களே. அச்சம் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. இருக்கும் இடத்திலோ அளவுக்கு மிஞ்சியிருக்கிறது.

தொற்றிய வைரசு எல்லாப் பெண்களிலும் நிலைப்பதில்லை. பத்தில் ஒன்பது தொற்றுகள் ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் உடலின் எதிர்ப்பாற்றலாலேயே அகற்றப்படுகின்றன. எஞ்சிய சிலவே நிலைத்து, கருப்பைக் கழுத்தின் மேற்றோற் கலங்களை மெல்ல மெல்லத் திரிபடையச் செய்கின்றன. திரிபு புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். உயிர்க்கொல்லி நோய்கள் பல இத்தகைய நீண்ட தவணையைத் தருவதில்லை. அத்தவணைக்குள் ஒருமுறையேனும் கருப்பைக் கழுத்தைப் பரிசோதித்தால், புற்றாவதற்கு முன்னரே திரிபைக் கண்டு அகற்றிவிடலாம். பப்பனிக்கொலாவு 1940களில் நிலைநாட்டிய, கழுத்திலிருந்து சில கலங்களைத் தடவியெடுத்துக் கண்ணாடித் தகட்டிற் பூசி நுணுக்குக்காட்டியால் நோக்கும் முறை, பாப் பரிசோதனை என இன்று வழங்குவது, இத்தவணையையே பயன்கொள்கிறது. இலங்கையில் 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள்தோறும் பெண்களுக்கான நல்வாழ்வுக் கிளினிக்குகள் தொடங்கப்பட்டு, 35 வயதை அடைந்த பெண்களுக்கு இப்பரிசோதனை இலவசமாக வழங்கப்படலாயிற்று. பின்னர் 45 வயதிலும் அது விரிவாக்கப்பட்டது. எனினும் இந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஆயிரம் பெண்கள் இந்நோய்க்கு ஆளாகின்றனர்.

இலவசமாகக் கிடைப்பது யாவரையும் எட்டிவிடும் என்று எண்ணுதல் தோட்டத்தை அறியாதார் எண்ணம். நாட்டின் ஏனைய பகுதிகளில் 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தோன்றியது முதலாகத் தாய்-சேய் நலப்பணி அரசின் பொறுப்பாக வளர்ந்தது. தோட்டங்களிலோ 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தின் வழி, தொழிலாளரின் மருத்துவம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாகவே நெடுங்காலம் நின்றது. டிஸ்பென்சரியும், தோட்ட வைத்தியரும், மருத்துவிச்சியும் துரையின் ஆட்சிக்குள் அடங்கியிருந்தனர். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகியும், 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டும், தோட்ட மருத்துவம் தேசிய சுகாதார அமைப்போடு இணைவது மிக மெதுவாகவே நடந்தது. இரண்டு நிருவாகங்களுக்கிடையே விடுபட்டுப் போனவர்களுட் பெண்களே மிகுதி.

கூலி மற்றொரு தடை. கொழுந்து பறிக்கும் பெண் குறித்த கிலோவை நிறுத்துக் காட்டினாலே முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். காலைப் பெரட்டுக்குப் போகாது கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் இல்லை. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளத்தின் அடிப்படை 500 ரூபாவாகவும், அதன்மேல் வரவுக்கொடுப்பனவு 60 ரூபாவாகவும் அமைந்திருந்தன. வேலை வழங்கப்பட்ட நாட்களுட் குறித்த விகிதத்துக்குக் குறையாது வேலைக்குச் சமூகமளித்தாலே அக்கொடுப்பனவு கிட்டும். ஆதலால் ஒருநாள் விடுப்பு ஒருநாளோடு முடியாது, மாதத்தின் வருவாயையும் தொடக்கூடியதாயிற்று. அவ்வேற்பாடு 2019இல் கைவிடப்பட்டபோதிலும், நோவில்லாத நாளில் மருத்துவரை நாடுவது வீண்செலவென்னும் எண்ணம் லயங்களில் ஆழ வேரூன்றியுள்ளது. நோவு வந்தபின் நாடினாற் போதாத நோய் இது என்பதை அங்கு எடுத்துரைப்பார் மிகச் சிலர்.

வெட்கத்தைப் பற்றியும் கூறவேண்டும். ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை உறங்கும் லயத்தில், பொதுப் பீலியிற் குளிக்கும் பெண்ணுக்குத் தன்னுடலைத் தானே நோக்குதற்கும் மறைவிடம் இல்லை. கிளினிக்கிலோ தன் மொழியறியாத ஒருவர் முன்னே, இன்னது செய்யப்படப்போகிறது என்னும் விளக்கமின்றிப் படுக்கவேண்டி நேரிடுகிறது. பரிசோதித்து மாதங்கள் கழித்து வந்த பதிற்கடதாசி தான் வாசிக்கவறியாத மொழியில் இருந்தமையால், அதனைப் படித்துக் கூறும்படி பதின்மூன்று வயது மகனிடம் கொடுக்க நேர்ந்த ஒரு தாயை நாம் அறிவோம். கடதாசியில் ஒன்றும் பிழையில்லை. ஆயினும் அவர் மறுமுறை கிளினிக்குக்குச் செல்லவில்லை. இவற்றோடு, கருத்தடை அறுவைச் சிகிச்சை ஏனைய பகுதிகளிலும் மிகுதியாகத் தோட்டங்களிற் செய்யப்பட்ட காலத்தின் மனத்தாங்கலும் முற்றாக மறையவில்லை. பெண்ணின் கருப்பையைப் பற்றி யார் பேசினாலும் முதலில் ஐயுறுவது அறியாமையென நாம் தள்ளிவிடலாகாது. அதற்கொரு வரலாறு உண்டு.

இத்தடைகள் கடக்கவொண்ணாதவை அல்ல என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு சான்று கிடைக்கிறது. மலையகத் தமிழரின் முன்னோருட் பலர் திருச்சி, சேலம், மதுரை மாவட்டங்களிலிருந்து வந்தோர். 1985 வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாயிருந்த திண்டுக்கல்லில், அம்பிளிக்கை என்னும் ஊரின் சமூக சுகாதார நிலையத்தைத் தளமாகக் கொண்டு 2000ஆம் ஆண்டிற் பெரும் ஆய்வொன்று தொடங்கப்பட்டது. 30 முதல் 59 வயது வரையான 49,311 கிராமப் பெண்களுக்கு ஒருமுறை மட்டும் பரிசோதனை வழங்க ஏற்பாடாயிற்று. 30,958 பெண்கள் ஒப்பீட்டுக்காக வழக்கமான நிலையில் விடப்பட்டனர். கையாண்ட முறை மிக எளியது. பயிற்சிபெற்ற தாதியர், வினாகிரியின் புளிப்புக்குக் காரணமான அசற்றிக்கமிலத்தை நீர்த்த நிலையிற் கருப்பைக் கழுத்திலே தடவுவர். திரிபடைந்த இடம் சிறிது நேரத்தில் வெண்ணிறமாகும். அவ்வாறாயின், இசைந்தோருக்கு அன்றே அவ்விடத்தை உறையச் செய்து அழித்துவிடுவர். ஆய்வுகூடத்துக்கு அனுப்பிக் காத்திருத்தல் இல்லை, பதிற்கடதாசியும் இல்லை. அழைக்கப்பட்டோருள் நூற்றுக்கு 63 வீதத்துக்குச் சற்று மேற்பட்டோரே வந்தனர். அவ்வாறிருந்தும் 2007இல் வெளியான முடிவுகளின்படி, அழைக்கப்பட்ட பிரிவில் கருப்பைக் கழுத்துப் புற்று நூற்றுக்கு 25 வீதமும், அதனால் நேரும் இறப்பு 35 வீதமும் குறைந்தன. எழுத்தறிவும் வருவாயும் குன்றிய, பெரும்பாலும் கூலிவேலை செய்யும் தமிழ்ப் பெண்களிடையே ஒருமுறை செய்த பரிசோதனையின் விளைவு இது. பரிசோதனை அவர்களுடைய ஊரைத் தேடிச் சென்றதென்பதை அடிக்கோடிட விரும்புகிறோம்.

இனி, மரு கண்ட பெண்ணிடம் மீள்வோம். அவருக்கு நேரும் தீங்குகளுட் பாதி கைமருந்தால் வருவது. கையிலும் காலிலும் உள்ள பாலுண்ணிக்கு அம்மான் பச்சரிசியின் பாலைத் தடவுதல், சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைத்தல், தலைமயிரால் இறுகக் கட்டுதல் முதலியன நம்மிடையே நெடுங்கால வழக்கு. பிறப்புறுப்பின் மென்தோலில் இவற்றைச் செய்தால் புண்ணும் சீழும் உண்டாகுமேயன்றி வைரசு நீங்காது. தேர்ந்த மருத்துவர் திரவ நைதரசனால் உறையச் செய்தோ, தக்க அமிலத்தை அளவறிந்து வைத்தோ, வெட்டியோ மருவை அகற்றுவர். சில மருக்கள் தாமாகவே மறைவதுமுண்டு. அகற்றிய பின் மீண்டும் எழுவதுமுண்டு. கருவுற்றிருக்கும்போது மரு பெருத்தல் இயல்பு. அந்நிலையில் சில மருந்துகள் குழந்தைக்கு ஊறு செய்யுமாதலால், கருவுற்றிருப்பதை மருத்துவரிடம் கூறவேண்டியது கட்டாயம். அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இவை இலவசமாகச் செய்யப்படுகின்றன. வருவோரின் விபரங்களும் வெளியிடப்படுவதில்லை.

அடுத்து எழுவது குடும்பத்தின் பூசல். 'யாரிடமிருந்து வந்தது?' என்னும் வினா லயமெங்கும் கேட்கும்படி எழுந்து, குற்றம் பெரும்பாலும் பெண்ணின் மேலேயே சுமத்தப்படும். வைரசு உடலிற் புகுந்து மாதங்கள் கழித்தே மரு எழுவதும், சிலரில் ஆண்டுகள் பல அடங்கிக் கிடப்பதும், ஆணின் உடலில் அடையாளமே இன்றித் தங்கியிருந்து மனைவியைத் தொற்றுவதும் அறியப்பட்ட உண்மைகள். ஆகவே எப்போது, எவரிடமிருந்து என்பதை எந்த மருத்துவரும் அறுதியிட்டுக் கூறவியலாது. கணவனைத் தவிர வேறு எவரையும் அறியாத பெண்ணுக்கும் இவ்வைரசின் எவ்வகையும் வரலாம். ஆணுறை தொற்றைக் குறைக்குமேயன்றி, அது மறைக்காத தோலின் வழியாகத் தொற்றுவதை முற்றாகத் தடுக்காது. மரு கண்ட பெண் செய்யவேண்டியது ஒன்றே: மருவுக்குச் சிகிச்சை பெற்று, 35 வயதுக்குரிய பரிசோதனையைத் தவறவிடாதிருத்தல். மரு உண்டென்பதற்காக ஆண்டுதோறும் பரிசோதிக்கவேண்டியதுமில்லை.

தடுப்பூசியைப் பற்றிய செய்தி மருவும் புற்றும் வெவ்வேறென்பதை மேலும் தெளிவுறுத்துகிறது. இங்கிலாந்தில் 2008 முதல் 2012 வரை பள்ளி மாணவியருக்கு இடப்பட்ட ஊசி 16ஆம், 18ஆம் வகைகளை மட்டுமே நோக்கியது. 12, 13 வயதில் அதனைப் பெற்றோரிடையே கருப்பைக் கழுத்துப் புற்று நூற்றுக்கு 87 வீதம் குறைந்ததென 2021இல் அறிவிக்கப்பட்டது. மருவைத் தடுப்பதற்கென அமைந்ததன்று அவ்வூசி. அவுஸ்திரேலியா 2007இல் தேர்ந்தெடுத்த ஊசியோ 6ஆம், 11ஆம் வகைகளையும் உள்ளடக்கியது. அங்கே 21 வயதுக்குக் குறைந்த பெண்களுட் பாலியற் சிகிச்சை நிலையங்களில் மரு கண்டோர் 2007இல் நூற்றுக்கு 11.5 வீதம், 2011இல் 0.85 வீதம். புற்றின் குறைவைக் காணப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மருவின் குறைவை நான்கே ஆண்டுகளிற் கண்டனர்.

இலங்கையில் 2017இல் தேசிய நோய்த்தடுப்புத் திட்டத்திற் சேர்க்கப்பட்டதும் நால்வகையையும் தடுக்கும் ஊசியே. ஆறாம் தரத்தில் பயிலும் மாணவியருக்கு ஆறு மாத இடைவெளியில் இருமுறை அதனை இடுவது அன்றைய ஏற்பாடு. 'பிள்ளை பெறாமற் செய்யும் ஊசியோ' என்னும் முணுமுணுப்பு தோட்டங்களில் எம் செவிக்கும் எட்டியது. அதற்கு மாறாக, கருப்பைக் கழுத்தின் திரிபை அகற்றும் அறுவையாற் பிற்காலத்துக் கருப்பத்துக்கு நேரக்கூடிய இடரைத் தவிர்ப்பது இவ்வூசி என்பதைத் தாய்மாருக்கு விளக்கியபோது அவர்கள் இசைந்தனர். ஊசி தொற்றுக்கு முன்னர் இடப்படுவது. முன்னரே தொற்றியதை அது அகற்றாது. 2017இல் பதினொரு வயதில் அதனைப் பெற்ற மாணவி 35 வயதை எட்டுவது 2041இல். அவளுடைய தாய்க்கு அவ்வூசி கிட்டவில்லை. அவர் இன்றும் ஹட்டனிலோ, தலவாக்கலையிலோ, பொகவந்தலாவையிலோ கூடையைத் தலையிற் கட்டி மலையேறுபவராக இருக்கலாம். அவருக்கு எஞ்சியிருப்பது அக்கண்ணாடித் தகடு ஒன்றே. அதற்கான கிளினிக்கு நாளோ பெரும்பாலும் கொழுந்து நிறுக்கும் நாளிலேயே விழுகிறது.